ஓரத்தில் வைத்த ஈயம்

புதன்கிழமையிலிருந்து என் மனைவி என்னோடு பேசவில்லை. காபி வந்தது, பேச்சு வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை வந்தது, "இந்தாங்க" வரவில்லை. நடுவில் எங்கள் மகள் தபால்காரி ஆனாள்.

"அப்பா, அம்மா உங்களைக் குளிக்கப் போகச் சொல்றாங்க."

"குளிச்சாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, அப்பா பொய் சொல்றாரு."

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லியே இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவர் நீந்தச் சொன்னார். பெண்களுக்கு மட்டுமான நேரத்தில் நகரசபை நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். நாலு சுவர், மேலே கூரை, வாசலில் காவலாளி. ஆகவே உள்ளே அவள் என்ன உடுத்துகிறாள் என்று நான் கேட்கவே இல்லை.

புதன்கிழமை மாடிக் கொடியில் அது தொங்கியது. கருநீல நீச்சலுடை. என் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறோம். குளத்துல நீந்தி அலுத்துப்போச்சு. ஒரு தடவையாவது கடல்ல நீந்திப் பார்க்கணும்" என்றாள்.

"அங்கயும் இதைத்தான் போடப் போறியா?" என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எந்தக் காலத்தில் அதோடு நின்றிருக்கிறது? "இந்த வயசுலயா?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க மாடியில பனியன்கூட இல்லாம செடிக்குத் தண்ணி ஊத்துறீங்க. அந்தத் தொப்பையைத் தெருவே பார்க்குது. நான் என்னிக்காவது உங்க வயசைக் கேட்டேனா?"

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

என் தரப்பையும் சொல்லவேண்டும். நான் திரைச்சீலை தைப்பவன். இந்த ஊரில் பாதி ஜன்னல்கள் என் கையால் மூடப்பட்டவை. கண்ணாடி தெரிந்தால் கை பரபரக்கும், அதன் மேல் எதையாவது தொங்கவிட வேண்டும் என்று தோன்றும். மறைப்பதற்கே காசு வாங்குகிற ஒருவனிடம் போய் ஒரு பெண்டாட்டி கருநீல நீச்சலுடையைக் காட்டினால் அவன் வேறு என்ன கேட்பான்?

ஆனால் வீட்டில் பேச்சில்லாமல் இருப்பது லேசில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது எனக்குப் பிடித்ததாகவே இருந்தது. கோபத்திலும் பிடித்ததைச் சமைக்கிற பெண்ணிடம் எப்படிச் சண்டை போடுவது? டப்பாவை மூடி வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். நானே அவளுக்கு ஒரு கடல் உடை தைத்துக் கொடுப்பது.

அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இந்தக் குடும்பத்தில் நடந்த பெரும்பாலான விபத்துகளும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன.

நனைந்தால் உடம்பு தெரியாத துணி வேண்டும். கடையில் பிளாக்அவுட் துணி இருந்தது, பகலில் தூங்குகிறவர்களின் படுக்கையறை ஜன்னலுக்குப் போடுவது. வெளிச்சமே நுழையாத துணியில் கண் எப்படி நுழையும்? கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெட்டினேன். முதுகுப் பக்கம் வரிசையாகக் கொக்கி வைத்தேன். கடற்கரையில் காற்றடிக்குமே என்று நினைத்து, கீழ் ஓரத்தில் வழக்கமாகத் திரைச்சீலைக்கு வைப்பதையும் வைத்துத் தைத்தேன். ஈய வில்லைகள். சின்னச் சின்னதாக, காசு மாதிரி இருக்கும். அதை வைத்துவிட்டால் புயலே அடித்தாலும் ஓரம் மேலே எழும்பாது.

சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன்.

மகள் வந்து பார்த்தாள். பல் மருத்துவ ஆய்வகத்தில் செயற்கைப் பல் செய்கிறவள். ஒரு நூல் அளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். "அப்பா, இது உடையா கூடாரமா?"

என் மனைவி அருகில் வந்தாள். கையை உள்ளே விட்டுத் தையலைத் தடவினாள். மடிப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு நூல் தொங்கவில்லை.

"நீங்களே தைச்சீங்களா?"

பேசிவிட்டாள்! "ஆமா."

"எப்போ?"

"மதியம். சாப்பிடற நேரத்துல."

"சாப்பிடாமலா தைச்சீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்ப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

அவள் பெருமூச்சு விட்டு அந்த உடையை மடித்தாள். "சரி. போட்டுக்கறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி எதுவும் இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பழைய காரில் நாலு பேர். நாலாவது ஆள் என் மனைவியின் அக்கா. மகள் கூப்பிடுவதைப் பார்த்து வீட்டில் எல்லோருமே அவரைப் பெரியம்மா என்றுதான் குறிப்பிடுவோம். உருவமும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை. பின்சீட்டில் அவர் உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கம் சாய்ந்து மரியாதை செய்தது.

"வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தே?" என் மனைவி கேட்டாள்.

"துணி வாங்கப் போறோம்னு சொன்னேன். கடல்னு சொன்னா விடுவாரா உங்க மாமா?"

உங்க மாமா என்பது என் சகலை. ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர். வேலை போய்விட்டது, பார்வை போகவில்லை. எதிரில் யார் வந்தாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறியவரைப் போலத்தான் பார்ப்பார். விளக்கம் தேவைப்பட்டால் வாயால் கேட்பது போதாது, உள்ளங்கையையும் நீட்டுவார். என் கல்யாணத்தன்று அந்தக் கையைப் பார்த்து நான் சட்டைப்பையைத் தடவியிருக்கிறேன்.

கடற்கரையில் ஆளே இல்லை என்று சொல்லலாம். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குழாய், மூடிக்கிடந்த ஐஸ்கிரீம் கடை, ஆளில்லாத காவல் கோபுரம். இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் நீந்தலாம் என்று ஒரு பலகை.

தொப்பை உள்ள ஒருவர் மிகச் சின்ன அரைக்கால் சட்டையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தலைமுதல் பாதம்வரை மூடிய நீச்சலுடையில் இரண்டு பெண்கள் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலை முழுக்க நரைத்த ஓர் அம்மாள் பூப்போட்ட நீச்சலுடையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து வீட்டுக்காரருக்குச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையுமாக இருந்தாள்.

"நீ எதுவும் வாங்கலையா?" என்றேன்.

"எனக்கு அம்மா மாதிரி தைரியம் இல்லப்பா. உங்க காலத்துல நாலு பேர் பார்ப்பாங்க, அவ்வளவுதான். இப்ப எல்லார் கையிலயும் கேமரா. ஒரு போட்டோ எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

இது எனக்குப் புதுச் செய்தி. காலம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, நான்தான் பின்னால் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகளும் என் பக்கத்தில்தான் நிற்கிறாள், வேறு காரணத்தோடு.

உடை மாற்றும் அறையிலிருந்து என் மனைவி வந்தாள். பிளாக்அவுட் துணி காற்றில் அசையவே இல்லை. மடிப்புகள் நேராக விழுந்திருந்தன. தொழில்காரனாகச் சொல்கிறேன், அருமையான வேலை. நாலு கம்பி வளையம் போட்டு ஒரு மண்டபத்தில் மாட்டியிருக்கலாம்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"கனமா இருக்கு."

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்."

பெரியம்மா அவளைச் சுற்றி வந்து பார்த்தார். "ஜன்னல் எங்கடி?"

அவள் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தாள். பல மாதம் குளத்தில் பழகிய ஒருத்தி முதல்முறையாகக் கடலைப் பார்க்கிற பார்வை. பிறகு கொடிகளுக்கு நடுவே இறங்கினாள்.

முழங்கால் வரை சரியாகப் போனாள். இடுப்பளவு போனதும் உடைக்குள் காற்று புகுந்து அவளைச் சுற்றி உப்பியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த அலை வந்தது. உப்பியது அமுங்கியது. ஈய வில்லைகள் அலையோடு ஒரு சுற்றுச் சுற்றின, ஓரமும் அதோடு சுற்றி அவள் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டியது. அவள் சாய்ந்தாள்.

எழுந்திருப்பாள் என்று நின்றேன். அவள் எழவில்லை. ஒரு கை மட்டும் தெரிந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது. அது ஞாபகம் வந்தபோது நான் மார்பளவு தண்ணீரில் இருந்தேன். செருப்பு எங்கேயோ போயிருந்தது. அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். தலை மேலே வந்தது, இருமினாள்.

"கால்... கால் அசையல... கொக்கியை எடுங்க!"

கொக்கியைப் பிடித்தேன். நனைந்த துணியில் கொக்கி வரவில்லை. இழுத்தேன். தையலும் பிரியவில்லை. 'பிரியாத தையலுக்கு எங்களிடம் வாருங்கள்' என்று என் கடை வாசலில் பலகையே வைத்திருக்கிறேன். அந்தப் பலகையை அப்போது யாராவது காட்டியிருந்தால் கடித்துத் துப்பியிருப்பேன்.

சட்டைப்பையில் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி இருந்தது. குளிக்கும்போது தவிர எப்போதும் அது அங்கேதான் இருக்கும். கழுத்தில் வைத்து வெட்ட ஆரம்பித்தேன். நான் போட்ட தையலை நானே கழுத்திலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து கீழே கைக்கு எட்டிய வரை வெட்டினேன். அப்போதும் வெட்டு நேராகவே வந்தது. மீதியை அவள் உதைத்துத் தள்ளினாள்.

அது அப்படியே மூழ்கிப் போனது. உள்ளே அவள் கருநீல நீச்சலுடையைப் போட்டிருந்தாள்.

சந்தோஷப்படுவதற்குள் எனக்கு ஓர் அலை வந்தது.

வாய், மூக்கு, காது எல்லாம் உப்பு. கீழே எது மேலே எது என்று தெரியவில்லை. பிறகு ஏதோ ஒன்று என் சட்டைக் காலரைப் பிடித்தது. வரவேற்பு மேசைக் குரல் கேட்டது.

"பதறாதீங்க. கையை ஆட்டாதீங்க. மல்லாந்து படுங்க. மூச்சு விடுங்க."

மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ஏன் அவள் சொன்னதைக் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. மல்லாந்து படுத்தேன். அவள் என்னை இழுத்துக்கொண்டே நீந்தினாள். என் தொப்பை வெயில் பட மிதந்து வந்தது. தெருவே பார்க்கிற தொப்பையைக் கடலும் பார்த்தது.

*

கரையில் பெரியம்மா என் முதுகில் விட்ட அறையில் பாதிக் கடல் வெளியே வந்தது. மகள் அழுதாள், நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள். ஆரஞ்சு அம்மாள் ஓடிவந்து ஒரு துண்டைக் கொடுத்து, "பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவர் பார்வை என் மனைவியின் உடையில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

அலை அந்த உடையைக் கரையில் கொண்டுவந்து போட்டது. மகள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள், விரலால் நெருடினாள்.

"அப்பா, என்ன இது? உள்ள என்னமோ கெட்டியா இருக்கு."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஈயமா?" என்றாள் என் மனைவி. என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள், தடவிப் பார்க்கவே தேவையில்லை. "ஈயம் வச்சா தைச்சீங்க?"

"காத்துல தூக்கிடும்னு..."

"தூக்கினா?"

"யாராவது பார்த்துடுவாங்கன்னு..."

"யாரு?"

நான் சுற்றிப் பார்த்தேன். பத்திரிகை படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பினார். கோபுரம் காலியாக இருந்தது.

"ஏன் தம்பி, மீன் பிடிக்கிற வலைக்குத்தான் ஈயம் கட்டுவாங்க. பொண்டாட்டிக்கா கட்டுவாங்க?" என்றார் பெரியம்மா.

என் மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "தையலைப் பார்த்தப்பவே கனம்னு தெரிஞ்சுது. நீங்க சாப்பிடாம தைச்சது. அதான் வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

எனக்கு மூக்கு எரிந்தது. உப்புத் தண்ணீர் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அவள் துண்டை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்க போறே?"

"நீந்த."

"திரும்பவுமா! இப்பத்தானே..."

"இப்ப நான் எங்க நீந்தினேன்? உங்களை இழுத்துட்டு வந்தேன். அது வேற கணக்கு."

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "உடையைப் பத்தி இல்ல. நிஜமாவே பயமா இருக்கு."

அவள் நின்றாள். புதன்கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாடா. பயப்படறதா இருந்தா சரியான விஷயத்துக்குப் பயப்படுங்க. கொடியைத் தாண்டமாட்டேன். ஆழத்துக்கும் போகமாட்டேன். இங்கயே நின்னு பாருங்க."

பார்த்தேன். கூர்மையான கத்தரியை நல்ல துணியில் வைத்துத் தள்ளினால், திறந்து மூடாமலே வழுக்கிக்கொண்டு போகும். தையல்காரனுக்கு அதைவிடச் சுகம் கிடையாது. அவள் தண்ணீரில் அப்படித்தான் போனாள், ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்கு. திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். இடுப்பு பிடித்தவளைப் போலவும் தெரியவில்லை, வயதானவளைப் போலவும் தெரியவில்லை. என் மனைவியைப் போலத் தெரிந்தாள். ஈயம் எதுவும் கட்டாத என் மனைவியைப் போல.

மகள் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினாள். கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

உடை மாற்றும் அறையை அதற்குள் யாரோ பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் மனைவி கார் கதவுக்குப் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டாள். "துண்டை விரிச்சுப் பிடிங்க. அந்தப் பக்கம் பார்த்து நில்லுங்க."

விரித்துப் பிடித்தேன். ஊரில் பாதி ஜன்னலுக்குத் திரை தைத்தவன், அன்றைக்கு நானே திரையாகத் தொங்கினேன்.

"கொஞ்சம் மேல தூக்குங்க... போதும். எப்ப வேணும்னு நான் சொல்றேன். அப்ப பிடிச்சா போதும், என்ன?"

"சரி" என்றேன். கை வலித்தது. இறக்கவில்லை.

*

திரும்பும்போது கருநீல உடை காரின் பின் ஜன்னல் கொக்கியில் காய்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார், விட்டார். 'டப்' என்று பழைய நிலைக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'டப்'.

"இது எவ்வளவு தூரம் இழுக்கும்?"

"பெரியம்மா, அதை விடுங்க, அறுந்துடும்" என்றாள் மகள்.

"சும்மா கேட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாதத்தில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. நாங்கள் யாரும் கவனிக்காத நேரத்தில் அவரும் கால் நனைத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் திரும்பினேன். வீட்டு வாசலில் சகலை நின்றிருந்தார். மனைவியைக் கூட்டிப்போக வந்திருக்கிறார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே.

"ஐயோ" என்றாள் மகள். "அதைக் கழட்டுங்க, கழட்டுங்க!" கழற்றுவதற்குள் கார் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சகலையின் முகம். இந்தப் பக்கம் கருநீலம். நடுவில் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு மட்டும் நான் திரை தைத்திருக்கவில்லை.

"துணி வாங்கப் போனதா சொன்னாளே" என்றார். "இதுதானா அந்தத் துணி?"

மகள் சீட்டில் கீழே சரிந்தாள்.

"யாரோடது?" என்று கேட்டு உள்ளங்கையை நீட்டினார்.

கடையில் மிஞ்சிய துண்டுத் துணி என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் என் மனைவியின் கண்கள் தெரிந்தன. அவள் எதையும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அந்தப் பொய்யை விழுங்கினேன். கடல் தண்ணீரைவிடக் கரித்தது.

"சகல, அது எங்க வீட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"என்னோடது" என்றார் பெரியம்மா.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கார் ஒரு மூச்சு விட்டு நிமிர்ந்தது. கொக்கியிலிருந்து அந்த உடையை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு, மணல் காலோடு எங்கள் வீட்டுக்குள் போனார்.

சகலை போகிறவரின் முதுகைப் பார்த்தார். தோளில் தொங்குகிற உடையின் அளவைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ டிக்கெட் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

பழக்கதோஷம், நான் சட்டைப்பையைத் தடவினேன். ஈரமான குட்டிக் கத்தரி மட்டும்தான் இருந்தது.